பாயோ தையலில் ஒரு படைக்குதிரை: இதுவரை வந்த வேலை

எடுத்துக்கொண்ட பகுதி: ஒரு குதிரை, அதன் மேல் வேல் பிடித்த நார்மன் வீரன். நார்மண்டிப் பிரபு வில்லியம் 1066ல் கடல் கடந்து போய், ஆங்கிலேய மன்னன் ஹரால்டைத் தோற்கடித்து இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்கிறது ‘பாயோ டேப்பஸ்ட்ரி’ என்கிற பழைய துணி. அதில் குதிரைகளுக்குப் பஞ்சமே இல்லை. கை பழக ஒன்று போதும். மூலம் 68 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், அரை மீட்டர் உயரம். ஒன்பது லினன் துண்டுகளை ஒட்டுப்போட்டது. நம்முடையது 40க்கு 35 செ.மீ. பெயரில் ‘டேப்பஸ்ட்ரி’ இருப்பதால் நெய்தது என்று நினைத்துவிட வேண்டாம். லினன் மேல் கம்பளி நூலால் போட்ட எம்ப்ராய்டரிதான் அது.

துணிக்கு வெளுக்காத லினன். சுற்றிலும் 10 செ.மீ. விட்டு 60க்கு 55 வெட்டவும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்துக் காயப்போடாவிட்டால் முடிந்த பிறகு துணி சுருங்கி, கம்பளி மேலே உப்பிக்கொண்டு நிற்கும். வட்ட ஃப்ரேம் இதற்கு ஆகாது. நகர்த்தி மாட்டும்போது ஏற்கெனவே நிரப்பிய இடம் நசுங்கி வளையத்தின் தடம் விழுகிறது. ஆவி காட்டினாலும் முழுக்கப் போவதில்லை. ஆரி ஒர்க்குக்கு வைத்திருக்கும் மரச் சட்டம் சரியாக இருக்கிறது. விரலால் தட்டினால் உடுக்கை மாதிரி சத்தம் வர வேண்டும், அந்த இறுக்கம்.

நூல் விஷயத்தில் சிக்கனம் பார்த்தால் வேலை கெடும். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் ரப்பர் போல இழுத்துக்கொள்ளும். விட்டதும் துணியையும் சேர்த்துச் சுருட்டும். இரண்டு இழை முறுக்கிய, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள சுத்தக் கம்பளி வேண்டும். ஊசி செனில் 22: கூர்முனை, பெரிய காது. காது சிறியதானால் ஒவ்வொரு குத்திலும் கம்பளி உரசி, பாதி நூலிலேயே மெலிந்துவிடும். 45 செ.மீ.க்கு மேல் நீளம் வைக்காமல் இருப்பதும் இதனால்தான்.

முதலில் வெளிக்கோடு, எல்லாம் ஸ்டெம் ஸ்டிட்ச். 4 மி.மீ. முன்னே போய்ப் பாதி பின்னே வருவது. நூல் எப்போதும் கோட்டின் ஒரே பக்கம் இருக்க வேண்டும். நடுவில் பக்கம் மாறினால் கயிறு மாதிரி ஓடிய கோடு அந்த இடத்தில் அறுந்த மாதிரி தெரியும். குதிரையின் மூக்கிலும் குளம்பிலும் தையலை 2 மி.மீ.க்குக் குறைத்தால்தான் வளைவு வளைவாக இருக்கும். நிரப்பிவிட்டு அப்புறம் கோடு போடுவதையும் சோதனைத் துண்டில் பார்த்தாயிற்று: கோட்டு நூல் பக்கத்துக் கம்பளியை ஒதுக்கித் தள்ளி, நடுவில் லினன் எட்டிப்பார்க்கிறது. கோடு முதலில், பிறகு அதன் அடியிலேயே ஊசியை இறக்கி நிரப்புவதுதான் சுத்தம்.

இனி நிரப்புதல், பாயோ தையல் என்றே இப்போது பெயர். மூன்று அடுக்கு. கீழே உடம்பின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நூலை நீட்டிப் படுக்கவைப்பது. ஊசி இறங்கிய துளைக்குப் பக்கத்திலேயே மேலே வர வேண்டும். பின்பக்கமாக மறுகரைக்குத் திரும்பக் கூடாது. துணியைத் திருப்பினால் பின்புறம் கரையோரம் புள்ளி புள்ளியாக மட்டும் தெரிந்தால் சரியாகப் போகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் படுக்கவைத்து, திரும்பி வரும்போது இடைவெளியை நிரப்பினால் நெருக்கம் சீராக அமைகிறது. அடுத்து, அந்த நூல்களுக்குக் குறுக்கே 4 மி.மீ.க்கு ஒரு நூல். கடைசியாக, குறுக்கு நூலை 4 மி.மீ.க்கு ஒரு குட்டித் தையலால் கட்டுவது. கட்டுத் தையல்கள் செங்கல் சுவர் மாதிரி வரிக்கு வரி தள்ளி விழ வேண்டும். ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்தால் பள்ளம் விழுந்து கோடு தெரியும்.

கம்பளி மிச்சம் என்பது இந்தத் தையலைப் பற்றி வழக்கமாகச் சொல்வது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குதிரை உடம்பு 150 சதுர செ.மீ. படுக்கை நூல் 15 மீட்டர், குறுக்கு நூல் 3.75, கட்டுத் தையல் 940க்கு 5.6. மொத்தம் 24 சொச்சம். கரைக்குக் கரை நூலைச் சுற்றி நிரப்பும் சாட்டின் தையலில் பின்பக்கமும் நூல் ஓடுவதால் 30. ஆக மிச்சம் ஐந்தில் ஒன்றுதான். நிஜமான லாபம் வேறு: ஒரு செ.மீ.க்கு மேல் நீண்ட சாட்டின் தையல் தொளதொளத்து, எதில் பட்டாலும் மாட்டும். இதிலோ 8 செ.மீ. நீளத்துக்கும் நூல் அசையாமல் கிடக்கிறது. நூலின் நுனியில் முடிச்சுப் போடுவது, அறுந்துபோவது எல்லாம் சேர்த்து 30 மீட்டர் எடுத்து வைக்கவும்.

சறுக்கிய இடம் வயிறு. படுக்கை நூல் ஒவ்வொன்றும் முந்தையதைப் பார்த்துப் போனதால், கழுத்தில் நிமிர்ந்து கிளம்பியவை தொடைக்கு வரும்போது நன்றாகச் சாய்ந்துவிட்டன. பிரித்தாயிற்று. இப்போது செ.மீ.க்கு ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுத்தான் தொடக்கம்.

நிறத்தில் மூலத்தின் ஒரு வழக்கத்தை விடக் கூடாது. குதிரையின் அந்தப் பக்கத்துக் கால்களுக்கு வேறு நிறம். நிழல் கிடையாது, ஆழம் அதனால்தான் தெரிகிறது. நீலக் குதிரைக்கு உள்கால்கள் சிவப்பு வைத்தோம். வீரனின் முகமும் கையும் நிரப்பாமல் விட்ட லினன்தான்.

மூலத்தில் பத்து நிறச் சாயல்கள். மூன்று செடிகளிலிருந்து வந்தவை. சிவப்பு மேடர் வேர், மஞ்சள் வெல்ட், நீலம் வோட். வோட் இலையில் இருப்பதும் அவுரியில் இருப்பதும் ஒரே சாயம் என்பதால் அவுரி கூசாமல் எடுக்கலாம். மேடருக்கு அதன் உறவான மஞ்சிட்டி. 100 கிராம் கம்பளிக்கு 12 கிராம் படிகாரத்தில் முதலில் ஊறவைத்து, பிறகு 100 கிராம் மஞ்சிட்டி. சூடு 70 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். சூட்டிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் கம்பளி சிக்குப்பிடித்துத் தடித்துப்போகும், பாத்திரத்திலேயே ஆறட்டும். வெல்ட்டுக்குப் பதில் செண்டுமல்லி. சமையல் மஞ்சள் வேண்டாம், வெயிலில் நாலு நாளில் வெளுக்கும். பச்சைக்கு மஞ்சள் நூலை அவுரியில் முக்கி எடுக்க வேண்டும்.

மீதி இருப்பது வீரனின் சங்கிலிக் கவசம். மூலத்தில் அதை நிரப்பவே இல்லை. வளையம் வளையமாகக் கோடு, நடுவில் வெறும் லினன். பென்சிலின் ரப்பர் முனையில் மை தொட்டு ஒத்தினால் 7 மி.மீ. வளையம் கிடைக்கிறது. சுற்றளவு 22 மி.மீ. 3 மி.மீ. தையலில் போட்டால் ஏழெட்டு மூலைகளோடு நட்டு மாதிரி இருக்கிறது, 2 மி.மீ.யில் 11 தையல் போட்டால் வட்டம் வருகிறது. கடைசித் தையலை முதல் தையலின் அடியில் இறக்கினால் சேருமிடம் தெரியாது. அளவு ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிசகினால் விட்டுவிடலாம். மூலத்திலேயே முதல் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஓரக்கோடு நேராகச் சந்திக்கவில்லை. மொத்தம் 140 வளையம் குறித்திருக்கிறது. தோள்பக்கம் 36 முடிந்தது.