கடைசித் துண்டிலிருந்து படியுங்கள்: சாக்ஸனியில் நீளச் சொற்களோடு ஒரு சுற்று

ஜெர்மனியில் ரயிலில் சுற்றப் போகிறவர்கள் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ‘ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். ஷீன என்றால் தண்டவாளம், எர்ஸாட்ஸ் மாற்று, ஃபெர்கேர் போக்குவரத்து. பாதையில் வேலை நடக்கிறது, ரயில் வராது, பஸ்ஸில் போ என்று அர்த்தம்.

சாக்ஸனி மாநிலத் தலைநகர் டிரெஸ்டனிலிருந்து ராத்தன் கிராமத்துக்குக் கிளம்பிய நானும் தங்கையும் வழியில் பிர்னாவில் இறங்க வேண்டியதாகிவிட்டது. பலகையில் இந்தச் சொல் மட்டும் இருந்தது, பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு அம்புக்குறிகூட இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு அம்மா, சைக்கிளோடு நாலைந்து பேர், எல்லாரும் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் வந்த பஸ்ஸில் பாதிப் பேருக்குத்தான் இடம், சைக்கிள்காரர்களை ஏற்றவே இல்லை. ரயிலில் கால் மணி நேரத்துக்குள் போகிற தூரம், அரை நாளே வீணாகிவிட்டது. மோசமான ஏற்பாடு, வேறென்ன சொல்ல.

ஆனால் காத்திருந்த நேரத்தில் பலகைகளைப் பிரித்துப் பிரித்துப் படித்ததில் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசித் துண்டுதான் தலை, முன்னால் இருப்பதெல்லாம் அடை. ஆண்பாலா, பெண்பாலா, இரண்டுமில்லாததா என்று சொல்லின் இலக்கணப் பாலைத் தீர்மானிப்பதும் அந்தக் கடைசித் துண்டுதான். நடுவில் அங்கங்கே ஓர் ‘எஸ்’ வந்து ஒட்டும், அதற்குத் தனிப் பொருள் கிடையாது. புளி, காய் இரண்டும் சேர்ந்து புளியங்காய் ஆகும்போது நடுவில் ஓர் ‘அம்’ வருகிறதே, அதே சாரியை வேலை! இது புரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஜெர்மன் சொற்களின் நீளத்துக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் மெக்லன்பர்க்-ஃபோர்போமர்ன் மாநிலத்தின் ஒரு சட்டம். அந்தப் பெயருக்கு 63 எழுத்து. 1999இல் வந்தது, 2013இல் நீக்கிவிட்டார்கள். கடைசித் துண்டு ‘கெஸெட்ஸ்’, அதாவது சட்டம். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் மாட்டிறைச்சிக்கு லேபிள் ஒட்டுவதைக் கண்காணிக்கும் பணிகளை ஒப்படைக்கும் சட்டம் என்று பொருள் விரிகிறது. வாய்விட்டுச் சிரித்தோம், ஆனால் ஒரு துண்டுகூட வீண் இல்லை.

சரி, ஊருக்கு வருகிறேன். ராத்தன் இருக்கும் மலைப்பகுதியின் பெயரே எல்ப்ஸாண்ட்ஷ்டைன்கெபிர்க: எல்ப ஆறு, மணல், கல், மலைத்தொடர். நிலையத்துக்கும் கிராமத்தின் மறுபாதிக்கும் நடுவில் எல்ப ஓடுகிறது. அதைக் கடக்க இருக்கும் படகு ஒரு கீர்ஸைல்ஃபேர. ஸைல் கயிறு, ஃபேர ஆற்றைக் கடக்கும் படகு, முதல் துண்டு நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திரும்புவதைச் சொல்கிறது. படகு அப்படியேதான் போகிறது! நீளக் கயிற்றின் ஒரு முனை ஆற்றின் மேல்பக்கம் நங்கூரமிட்டிருக்கிறது, படகைக் கொஞ்சம் சாய்த்ததும் ஆறே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. இன்ஜின் சத்தமே இல்லை. இதற்காக மட்டுமே ராத்தன் போகலாம்.

அக்கரையிலிருந்து ஏறினால் பாறைகளை இணைக்கும் பாஸ்டை பாலம். 1851இல் மணற்கல்லால் கட்டியது, 76.5 மீட்டர் நீளம். பாலத்தில் நடக்கக் கட்டணம் இல்லை, பர்ஸுக்கு நிம்மதி. ஏற்றம் மூச்சு வாங்கும், தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அப்புறம் கூட்டம் வருவதற்கு முன்னால் காலையிலேயே போய்விடுங்கள்.

இறங்கி வந்து சாப்பிட்டது க்வார்க்கொய்ல்ஷன். க்வார்க் என்ற புளிப்புப் பாலாடைக்கட்டியும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்துத் தட்டிப் பொரித்து, ஆப்ஃபல்மூஸ், அதாவது ஆப்பிள் மசியலோடு தருகிறார்கள். இறைச்சி இல்லை, முட்டை உண்டு. சூடாக, ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக இருந்தது. இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை. இருவரும் இன்னொரு தட்டு வாங்கினோம், ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும் போதும் என்று முடிவு செய்துகொண்டு.

டிரெஸ்டனில் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் நிற்கும் இடத்தில் ‘ஷிஃப்ஃபார்ட்’ என்ற சொல்லைப் பாருங்கள், கப்பல் போக்குவரத்து. 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அதில் இரண்டு ‘எஃப்’, இப்போது வரிசையாக மூன்று. கப்பல் டிக்கெட் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, கரையிலிருந்தே பார்த்தோம்.

செலவுக்கு ஜெர்மனி முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட்டிக்கெட்தான் கை கொடுத்தது, 2026இலிருந்து மாதம் 63 யூரோ. உள்ளூர், வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும், அதிவேக ரயில்களுக்குச் செல்லாது. அது சந்தா, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். க்யூண்டிகுங்ஸ்ஃப்ரிஸ்ட் என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஃப்ரிஸ்ட் என்றால் கெடு, ரத்து செய்வதற்கான கெடு. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் 63 யூரோ போய்விடும்.