முட்டம் பாறைக்கரையில் எங்கள் சாரணர்கள்

ஜனவரி 31, 2025, வெள்ளி

நாளை சாரணர் பிள்ளைகளோடு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைக்கு. தை அமாவாசை புதன்கிழமைதான் முடிந்தது. அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றவும் செய்யும். காலை வற்றத்தில் பாறைகளின் அடிவரை பார்க்கலாம் என்றுதான் இந்தச் சனிக்கிழமையைப் பிடித்தேன்.

கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் இணையதளத்தில் அலை முன்னறிவிப்பு பார்த்தாயிற்று, எச்சரிக்கை எதுவும் இல்லை. அதைப் பார்க்காமல் பிள்ளைகளைக் கடலோரம் கூட்டிப் போகமாட்டேன். 2024 மே 6 அன்று, நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் புயல் கிளப்பும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து ஏறும். வானத்தைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பிப்ரவரி 1, சனி

போனதும் யாரையும் பாறையில் இறங்க விடவில்லை. மேலே உட்கார்ந்து இருபது நிமிடம் கடலைப் பார்க்கச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. ஆனால் அணித்தலைவி ஒருத்தி நோட்டில் அலைகளைக் குறித்துக்கொண்டே வந்தாள். வெகுநேரம் சின்ன அலைகள், பிறகு இரண்டு மூன்று பெரியவை சேர்ந்தாற்போல் வந்தன. காய்ந்து கிடந்த பாறை ஒன்று மொத்தமாக நனைந்தது. "அங்கேதான் சார் நான் நிக்கலாம்னு நெனச்சேன்" என்றான் ஒரு பையன்.

துணைக்கு வந்திருந்த வயதான மீனவரை எல்லோரும் பாட்டா என்றே கூப்பிட்டார்கள். "மக்களே, கடலுக்கு முதுகு காட்டப்பிடாது" என்றார். அன்றைக்கு அவர் இட்ட ஒரே சட்டம் அதுதான்.

அப்புறம் இறங்கினோம். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. அந்த உயரத்துக்குள் பாறை தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறது. மேலே பொடி நத்தைகள் மட்டும். அதற்குக் கீழே வெள்ளையாகக் கொட்டலசு, பாறையில் ஒட்டியே வாழும் ஓட்டுயிரி. அதற்கும் கீழே சிப்பியும் பாசியும். கொட்டலசு அலை நனைக்காத இடத்தில் பிழைக்காது. அதனால் அந்த வெள்ளைப் பட்டை எங்கே முடிகிறதோ, தண்ணீர் வழக்கமாக அதுவரை வந்துபோகிறது என்று அர்த்தம். பெரிய அலை அதையும் தாண்டும். கொட்டலசு மேல் செருப்புக்குப் பிடி கிடைக்கும், பச்சைப் பாசி மேல் கிடைக்காது. சாரணர் தடியால் முன்னால் தட்டிப் பார்த்து ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கண்ணாடி போன்ற பாறைக் குட்டைகளை ஆழம் பார்க்கவும் தடிதான். முழங்கால் அளவு என்று நினைத்த ஒன்றில் தடி பாதிக்கு மேல் போனது.

வழி கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. மைதானத்தில் அடி எண்ணிப் பழகியவர்களுக்குப் பாறையில் எந்த அடியும் ஒரே நீளமாக விழவில்லை. கலங்கரை விளக்கத்துக்குத் திசைமானி வைத்து ஒரு கோணம், பாறை முனைக்கு இன்னொரு கோணம் எடுத்தார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தாங்கள் நிற்கிறோம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். அதைப் பார்த்த பாட்டா சிரித்தார். கடலுக்குள் பார், அதாவது நீருக்கடியில் உள்ள பாறைத்திட்டு, இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவார்களாம். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி. இரண்டும் ஒத்துவந்தால் வலையைப் போடலாம். பள்ளிக்கூட வடிவியலை இவ்வளவு ஆர்வமாக எங்கள் பிள்ளைகள் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடல் ஏறத் தொடங்கும் முன் மேலே வந்துவிட்டோம். யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வரைபடம் முடிந்தது. நத்தை, கொட்டலசு, பாசி என மூன்று பட்டைக்கும் மூன்று நிறம். பெரிய அலை நனைத்த பாறையை மட்டும் சிவப்பில் அடித்திருக்கிறார்கள். அது என் யோசனை இல்லை, அவர்களுடையது.

ஒரு பெற்றோர் போன் செய்து, பாறைப்பக்கம் எதற்குக் கூட்டிப் போனீர்கள் என்று கேட்டார். அவர் பயம் நியாயமானது. ஆனால் நாம் கூட்டிப் போகாவிட்டாலும் இந்தப் பிள்ளைகள் இன்னும் சில வருடத்தில் நண்பர்களோடு போகத்தான் போகிறார்கள், செல்ஃபி எடுக்க. அப்போது எந்தப் பாறை நனையும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவரையும் அடுத்த முறை வரச் சொல்லியிருக்கிறேன்.

12ஆம் தேதி பௌர்ணமி. அலை சரியாக இருந்தால் 15ஆம் தேதி சனிக்கிழமை இதே வரைபடத்தோடு போய், சிவப்புக் குறிகளைச் சரிபார்க்கிறோம்.