சிசிலிக் கரையில ஒரு அந்தோணி

கடன் வாங்கி கடலுக்குப் போயி கவுந்த கதைய நம்ம கரையில சொன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க, ஆனா அதை 1881-லயே ஜியோவான்னி வெர்கான்னு ஒரு சிசிலிக்காரரு நாவலா எழுதிட்டாரு. 'மலவோலியா குடும்பம்'. தாத்தா பேரு ந்தோனி, பேரன் பேரும் ந்தோனி, ரெண்டும் நம்ம அந்தோணிதான், உவரியில தெருவுக்கு நாலு பேரு இருப்பாங்கல்லா அதே பேரு.

தாத்தா ஊர் வட்டிக்காரர்ட்ட லூப்பின்னு ஒரு பயறை கடனுக்கு வாங்கி படகுல ஏத்தி மகனை அனுப்புறாரு, புயல்ல மகனும் போயிட்டான் சரக்கும் போயிட்டு, கடன் மட்டும் கரையில நிக்கி. இன்னொரு பேரன் லூக்கா 1866 லிஸ்ஸா கடல் சண்டையில சாவுறான். 1861-ல இத்தாலி ஒரே நாடாச்சுன்னு அந்த வீட்டுக்குத் தெரிஞ்சதே வரி கேட்டு வந்தப்பவும் பிள்ளையப் பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பவும்தான்.

கதை நடக்குத ஆச்சி திரெஸ்ஸாங்கிற மீனவ ஊருக்கே 1947 கடைசியில விஸ்கோந்தின்னு ஒரு சினிமா இயக்குநர் கேமராவோட வந்தாரு. மிலான் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, ஆனா கம்யூனிஸ்ட், கட்சிக் காசுல டாக்குமெண்டரி எடுக்க வந்தவரு இந்த நாவலை வச்சு 1948-ல 'லா தெர்ரா த்ரேமா'ன்னு முழுப்படமாவே முடிச்சிட்டாரு. தொழில்முறை நடிகர் ஒருத்தர் கிடையாது, எல்லாம் ஊர் மீனவங்க, பேசுறதும் அவங்க வீட்டுப் பேச்சு, மத்த இத்தாலிக்காரனுக்கே புரியாதுன்னு மேல ஒரு குரல் கதை சொல்லிட்டே வரும்.

படத்துல வியாபாரிங்க அடிமாட்டு விலைக்குக் கேக்க, பேரன் ந்தோனி தராசத் தூக்கி கடல்ல வீசிருவான். அப்புறம் வீட்ட அடமானம் வச்சு சொந்தமா தொழில் பண்ணுதான். நெத்திலி குமிஞ்சு கிடக்கும், பொம்பளைங்க எல்லாம் சேந்து உப்பப் போட்டு பீப்பாய்ல அடுக்குவாங்க பாருங்க, மொத்தப் படத்துலயும் அந்த வீடு சிரிக்கிறது அங்கதான். கடனக் கட்டணுமேன்னு மோசமான காத்துல கடலுக்குப் போவாங்க, படகு நொறுங்கும், அந்தப் பீப்பாய் எல்லாம் அதே வியாபாரிட்டயே சல்லிசா போகும், வீடு பேங்குக்கு. கடைசியில கிழிஞ்ச சட்டையோட கூலிக்குக் கேட்டு அவங்க முன்னாடியே போயி நிப்பான். அந்த வியாபாரிங்க முதுகுக்குப் பின்னால சுவத்துல முசோலினி வாசகம் பாதி அழிஞ்சும் அழியாமலும் இருக்கும், விஸ்கோந்தி அதைப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு.

எங்க மாமா முழுப்படத்தையும் பார்த்தாரு, ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல, சப்டைட்டில நான் வாசிச்சு சொல்லணும் தொண்டையே போயிட்டு. "எல்லாம் சரிதாம்ல, ஆனா யாவாரிய இம்புட்டு கெட்டவனாக் காட்டிருக்கான்"னாரு. நம்ம கரையில தரகர்ட்ட அட்வான்ஸ் வாங்கிட்டா பிடிக்கித மீன அவர்ட்டயே போடணும், அவர் சொன்னதுதான் விலை, அது கொள்ளைதான்னு மாமாவுக்கும் தெரியும். ஆனா பிள்ளைக்கு முடியலன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுனா ரூவா எடுத்துக் குடுக்கதும் அவர்தான். வெர்காவுக்கு இது பிடிபட்டிருக்கு, நாவல்ல அந்த வட்டிக்காரர ஊரே மாமான்னுதான் கூப்பிடும், அவரு கோவிலுக்கும் வருவாரு, துட்டு வராதுன்னு ஒப்பாரியும் வைப்பாரு, யாரையும் தனியா வில்லனாக்கல. படம் எனக்கு உசுருதான், ஆனா இந்த விசயத்துல நாவல் பக்கம்தான் நான்.

விஸ்கோந்திக்கு மூணு படம் திட்டம், மீனவன், சுரங்கத் தொழிலாளி, விவசாயின்னு. கடலோட நின்னு போச்சு. அந்த விவசாயி படம் வந்திருந்தா ராதாபுரத்துச் சித்தப்பாவையும் உக்கார வச்சிருப்பேன், அவரு என்ன குத்தம் சொல்லிருப்பாரோ.