சான் பிரான்சிஸ்கோவில் யாருக்குக் கதிரை போட்டார்கள்?

ஞாயிறு பின்னேரம் பெறாமகள் உயர்தர வரலாற்றுக் கொப்பியோடு வந்து, "சித்தப்பா, ஜப்பானோட சமாதான ஒப்பந்தம் எழுதேக்க சீனா ஏன் அங்க இல்லை? கூட அடி வாங்கினது அவைதானே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தேத்தண்ணி ஆறும்வரை கதைத்தோம், பிறகு இரவு படுத்தும் அது என்னை விடவில்லை.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்ய, 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சேர்த்து 52 நாடுகள் கூடின. சீனாவுக்கு அழைப்பில்லை. எது உண்மையான சீனா என்பதிலேயே பிரச்சினை: பிரித்தானியா 1950 இலேயே பீஜிங் அரசை அங்கீகரித்துவிட்டது, அமெரிக்காவோ தைவானில் இருந்த அரசுதான் சீனா என்று நின்றது, இரண்டு பேரும் ஒத்துப்போவதற்காக இரண்டு சீனாவையும் கூப்பிடாமல் விட்டார்கள்.

கொரியாவின் கதைதான் எனக்குக் கூட வலிக்கிறது. 1910 இலிருந்து 1945 வரை ஜப்பானின் காலனி. எங்களையும் கூப்பிடுங்கள் என்று தென் கொரியா கேட்டது. நீங்கள் ஜப்பானோடு போரிட்ட நாடு இல்லையே, அப்போது ஜப்பானுக்குக் கீழேதானே இருந்தீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். அடிமையாக வைத்திருந்ததையே வெளியே நிறுத்துவதற்குக் காரணமாகச் சொன்னால் ஒரு சனம் எங்கே போய் முறையிடும்? அதே கூட்டத்தில் பிரான்சின் பிடியில் இருந்த வியட்நாம், லாவோஸ், கம்போடியாவுக்கெல்லாம் இடம் கிடைத்தது.

இந்தியாவும் பர்மாவும் அழைப்பு வந்தும் போகவில்லை. இந்தியா அடுத்த வருடம் ஜப்பானோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. சோவியத் யூனியனும் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் வந்திருந்தும் கையெழுத்திடவில்லை.

இலங்கை அப்போது ஐ.நா.வில்கூட இல்லை, சோவியத் வீட்டோவால் 1955 வரை வெளியேதான் நின்றது, ஆனாலும் சான் பிரான்சிஸ்கோவில் அதற்கு ஒரு கதிரை இருந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டதை மறக்காமலேதான் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தன எழுந்து, பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, எங்களுக்கு இழப்பீடு வேண்டாம் என்றார். அந்தப் பேச்சில் எனக்கு மரியாதை உண்டு. ஜப்பான்காரர் காமகுராவில் அவருக்கு நினைவுக்கல்லே வைத்திருக்கிறார்கள்.

அதே ஜே. ஆர்., 36 வருடம் கழித்து, ஜனாதிபதியாக. 1987 ஜூலை 29, கொழும்பு, பக்கத்தில் ராஜீவ் காந்தி, முன்னால் இலங்கை-இந்திய ஒப்பந்தம். வடக்கு கிழக்கை இணைப்பது, மாகாண சபை, ஆயுதக் களைவு என்று அந்தத் தாளில் இருந்தது முழுக்க எங்கள் வாழ்க்கை. ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியபோது நான் சின்னப் பெடியன், நல்லூர்க் கோயிலுக்குள் சனத்தோடு சனமாக அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு தமிழர் தரப்பும் கையெழுத்திட்டிருந்தால் அந்தச் சண்டை வந்தே இராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் கையெழுத்து இல்லாத ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதைச் சொன்னபோது பெறாமகள், "அப்ப எங்கட ஆக்கள் ஆர் கையெழுத்து வச்சது?" என்று கேட்டாள். போனில் ஒப்பந்தத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு பெயர்தான் இருந்தன. திரும்பவும் மேலே போய் வாசித்துப் பார்த்தாள்.