மூன்று கட்டுரைகளும் ஒரு கூழ் வண்டியும்

தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். வடசென்னைச் சாப்பாட்டைப் பற்றி வெளியூர் உணவு விமர்சகர்கள் எழுதிய மூன்று கட்டுரைகளை அச்செடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒருவர் டில்லிக்காரர், ஒருவர் பெங்களூர்க்காரர், மூன்றாமவர் அடையாறுக்காரர். அடையாறு எப்படி வெளியூராகும் என்று கேட்பவர்கள் எங்கள் அக்காவிடம் பேசிப் பார்க்கலாம். அவளுக்குக் கூவத்தின் தென்கரையிலேயே வெளியூர் ஆரம்பித்துவிடுகிறது.

நான் பிறந்ததும் தண்டையார்பேட்டைதான். ஆனால் பதினாறு வருடமாகக் கோயம்புத்தூரில் குடியிருக்கிறேன். ஆகவே நானும் பாதி வெளியூர்க்காரன்.

மூன்று கட்டுரைகளும் பேசிவைத்தாற்போல ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. முதலில் ஒரு குறுகிய சந்து, அதில் சாக்கடை வாடை. பிறகு, இந்தப் பக்கம் போகாதே என்று யாரோ எச்சரித்ததாக ஒரு வரி. அதையும் மீறித் துணிந்து உள்ளே போனால், அங்கே ஒளிந்திருக்கும் அற்புதமான கடை. அக்காவுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “யாரிடமிருந்துடா ஒளிந்திருக்கிறது? தினமும் முப்பது பேர் தட்டோடு ரோட்டில் நின்று சாப்பிடுகிறோமே!”

முதல் நாள் மாலை டில்லிக்காரர் போன வழியிலேயே போனேன். செகண்ட் லைன் பீச்சில், பர்மா பஜாருக்குப் பின்புறம், அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள். அகலமான பாத்திரத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் வைத்துத் தருவது தனி. அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்தால் சட்டை போய்விடும்.

டில்லிக்காரருக்கு இதில் ஒரு குறை. ரங்கூனில் அவர் சாப்பிட்டது இப்படி இல்லையாம், எனவே இது அசல் இல்லையாம். பர்மிய மொழியில் ‘அதோக்’ என்றால் பிசைந்தது, கலந்தது என்றுதான் பொருள். எதைப் பிசைவது என்று அந்தச் சொல் விதி போடவில்லை. 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது, கடைகள் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். வியாசர்பாடியில் பலர் குடியேறினார்கள். பிழைப்புக்காக 1969-இல் பர்மா பஜார் வந்தது. வண்டிக்காரரிடம் ரங்கூன் கதையைச் சொன்னேன். பிசைகிற கையை நிறுத்தாமலே சொன்னார்: “எங்கள் அம்மா ரங்கூனில் பிறந்தவர் சார். இந்த ஊரில் என்ன கிடைத்ததோ அதைப் போட்டுச் செய்தார். சரியில்லை என்று அவர் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன்.”

சௌகார்பேட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச்சை மூன்று பேருமே படம் பிடித்திருக்கிறார்கள். நானும் பிடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பெங்களூர்க்காரரின் கட்டுரைதான் எனக்குப் பிடித்த நகைச்சுவை. காசிமேட்டில் அன்று காலை விசைப்படகிலிருந்து இறங்கிய வஞ்சிரத்தை அன்று மதியமே வறுத்துத் தின்றதாக உருகியிருக்கிறார். கட்டுரையில் தேதி இருக்கிறது, மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் கரையோரம் போய் வரும், அவ்வளவுதான். தடைக்காலத்தில் சந்தைக்கு வருகிற பெரிய மீனில் பெரும்பகுதி கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் லாரியேறி வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா இதைக் கேட்டுச் சிரித்தார், புரையேறி அக்கா தலையில் தட்டும் வரை.

சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “இவர்கள் எல்லோரும் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறார்கள். இந்த ஊர் சாப்பிடும் நேரம் அது இல்லை.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்கு என்னை எழுப்பிக் காசிமேட்டுக்குக் கூட்டிப் போனார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. சங்கரா, காரப்பொடி, கடம்பா, கூடை கூடையாக நெத்திலி. காலடியில் ஐஸ் தண்ணீர். வெளியே ஒரு தள்ளுவண்டியில் கூழ். கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து நொய்யோடு காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் கலந்து சொம்பில் ஊற்றித் தருகிறார் ஓர் அம்மா. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், வறுத்த நெத்திலிக் கருவாடு. கடலிலிருந்து திரும்பியவர்கள், கூடை தூக்குகிறவர்கள், ஸ்டான்லி மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்த இரண்டு பெண்கள், எல்லோரும் நின்றபடி குடித்தார்கள். யாரும் ருசியைப் பற்றிப் பேசவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல் என்று ஒருவர் சொன்னார். வேர்வை சிந்தியவனுக்கு உப்பு வேண்டாமா என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். எட்டரைக்கெல்லாம் பானை காலி. வண்டி இருந்த இடத்தில் ஈரம் மட்டும்தான்.

திரும்பும்போது மாமா கொத்தவால் சாவடி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். காய்கறிச் சந்தை அங்கே இருந்த வரை நடுராத்திரி இரண்டு மணிக்கு ஆவி பறக்க இட்லி கிடைக்குமாம். மூட்டை இறக்குகிறவர்களுக்காகவே திறந்த கடைகள். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போயிற்று. அவருக்குத் தெரிந்த இட்லிக்கார அம்மா ஆறு மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாராம். மூன்று கட்டுரைகளிலும் கடையின் பெயர் இருக்கிறது, பலகாரத்தின் பெயர் இருக்கிறது, கையில் சட்னி வழிய எழுதியவரின் படம்கூட இருக்கிறது. பக்கத்தில் நின்று தின்றவர் எந்த வேலையை முடித்துவிட்டு வந்தார் என்று ஒரு வரி இல்லை. அடையாறுக்காரர் எண்ணூர் இறாலைப் புகழ்ந்து இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்து, இறால் பிடிக்கிறவர்கள் படகை எடுக்க முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிந்தைய கட்டுரைதான் இது. ருசியைப் பற்றி எழுத வந்தவருக்கு அது தேவையில்லையோ என்னவோ.

இன்னொன்று. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மாலையானால் மாட்டுக்கறி வறுக்கும் வாசனை இல்லாத தெரு குறைவு. பீஃப் பக்கோடாவைக் காகிதத்தில் சுற்றி வாங்கிப் போகிறவர்களை மூன்று பேரில் ஒருவர் கண்ணிலும் காணோம். மூன்று முறையும் தற்செயலாக விட்டுப்போயிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. சில வருடங்களுக்கு முன் மதுரைக்கு இரண்டு நாள் போய் வந்து, ஜிகர்தண்டாவைப் பற்றி ஆயிரம் சொல் எழுதினேன். அலுவலகத்தில் மதுரைக்காரர் ஒருவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இரண்டு நாளில் ஒரு தடவைகூட யார் வீட்டிலும் சாப்பிடவில்லையா நீங்கள்?” என்று மட்டும் கேட்டார். அப்போது அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். மடியில் அக்கா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலம். மூன்று உறை போட்டும் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இந்தக் கட்டுரையைக் கைப்பேசியில் தட்டத் தொடங்கினேன். ‘வடசென்னையின் குறுகிய சந்து ஒன்றுக்குள்’ என்று முதல் வரி தானாக வந்து விழுந்தது. மண்ணடி வருவதற்குள் அழித்துவிட்டேன்.