அந்த சுறாவுக்கு ரெஸ்டே இல்லையா

எங்கயாவது வெள்ளம்னா போதும், ரோட்டுல சுறா நீந்துற போட்டோ ஒண்ணு வந்துடும். 2011ல ஐரீன் புயலப்போ வந்துச்சு, 2017ல ஹார்வி புயலப்போ அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரம்னு சொல்லி அதே சுறா திரும்பவும் வந்துச்சு, ஆனா அது தென்னாப்பிரிக்கா கடல்ல ஒரு கயாக் படகு பின்னாடி போன சுறா, அந்தப் படத்துல இருந்து வெட்டி ஒட்டுனது, அவ்ளோதான்.

2020 லாக்டவுன்ல வெனிஸ் கால்வாய்ல டால்பின்னு ஒரு வீடியோ சுத்துச்சே, அது சார்டினியா தீவுல எடுத்தது. மனசுக்கு இதமா இருந்தா யாரும் செக் பண்றதே இல்ல (நல்ல செய்திய சந்தேகப்பட்டா நம்மளதான் வில்லனா பாக்குறாங்க!).

2018ல சயின்ஸ் இதழ்ல வந்த அமெரிக்க எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுல, ட்விட்டர்ல உண்மைய விட பொய் செய்தி ரீட்வீட் ஆக 70 சதவீதம் அதிக வாய்ப்புன்னு சொன்னாங்க, அதுக்குக் காரணம் பாட் (bot, தானா பதிவு போடுற புரோகிராம்) இல்லயாம், மனுஷங்கதானாம்.

இதுல நியூஸ் சைட்டுங்க வேற. "அதிர்ச்சியில் ரசிகர்கள்!"னு தலைப்பு, உள்ள போனா நாலு விளம்பரம், கடைசில "இந்த வீடியோ வைரலாகி வருகிறது". வைரல் ஆனதே செய்தியாம், உண்மையான்னு பாக்குறது அவங்க வேலை இல்ல போல.

போட்டோன்னா கூகுள் லென்ஸ்ல போட்டா பல நேரம் பழசுன்னு தெரிஞ்சுடும். வெறும் டெக்ஸ்ட்டா வர்ற ஃபார்வர்டுதான் பெரிய தலைவலி, யார் சொன்னாங்கன்னு கேட்டா "எனக்கும் வந்துச்சு, அனுப்புனேன்"னு கூலா சொல்றாங்க.