பெயரில்லாத பாத்திரத்துக்குத் தலைப்பு வைப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நிற்கும் பெண், கோயிலில் விபூதி கொடுக்கும் ஐயர், கோர்ட்டில் வழக்குக் கோப்பை நீட்டும் எழுத்தர் என்று ஒரே காட்சிக்கு வந்து போகிறவர்கள் நிறைய. ரசிகர்களே எழுதும் இணையக் கலைக்களஞ்சியமான எங்கள் விக்கியில் முக்கியப் பாத்திரங்களுக்குப் பக்கம் எழுதுவதில் பெரிய சிக்கல் இல்லை. இப்படி வந்து போகிறவர்களுக்குத் தலைப்பு வைக்கும்போதுதான் தொகுப்பாளர்களுக்குள் வாக்குவாதம் வரும். எங்கள் நிலைப்பாடு ஒன்றே: தொடர் சொல்லாத பெயரை விக்கியும் சொல்லக் கூடாது. கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்கிறோம் என்றால் தலைப்புக்கும் கேட்கத்தான் வேண்டும்.

ஆதாரங்களில் முதலிடம் வசனத்துக்கு. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எபிசோட் எண், நிமிடம், நொடி மூன்றையும் குறித்து, வசனத்தை அப்படியே எழுதிவைக்க வேண்டும். அடுத்தது திரையில் தெரியும் எழுத்து: செவிலியர் குத்தியிருக்கும் பெயர் வில்லை, அழைப்பு வரும்போது கைப்பேசியில் ஒளிரும் பெயர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் அட்டை. படத்தை நிறுத்தினால் படித்துவிடலாம்தான். ஆனால் ஒரு காட்சிக்குச் செய்த அட்டையையே வேறொரு காட்சியிலும் மாட்டியிருப்பார்கள். ஆகவே அட்டையை மட்டும் நம்பித் தலைப்பை மாற்றுவதில்லை. மூன்றாவது, முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல். அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்துக்காக அதை ஒரு மூலைக்குச் சுருக்கிவிடுவது வழக்கம். மறுஒளிபரப்பிலோ இணைய வெளியீட்டிலோ முழு அளவில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலைவரிசை முன்கூட்டியே தரும் கதைச்சுருக்கம் கடைசி இடத்தில். படத்தொகுப்புக்கு முன்பே எழுதப்பட்டதென்றால், கைவிடப்பட்ட பெயர் அதில் அப்படியே தங்கியிருக்கும்.

திரைப்பட, தொடர் விவரங்களைத் தொகுக்கும் ஐஎம்டிபி தளத்தை நாங்கள் ஆதாரமாக ஏற்பதில்லை. அங்கே தகவல் சேர்ப்பவர்களும் பயனர்கள்தான். விக்கியில் ஒருவர் ஊகித்து வைத்த பெயர் அங்கே போகும். அங்கிருந்து ஒரு செய்திக்கு வரும். பிறகு அந்தச் செய்தியையே விக்கிக்கு ஆதாரமாகக் கொண்டுவருவார்கள். இந்த வட்டம் ஒருமுறை மூடிவிட்டால் பொய்ப் பெயரைக் களைவது மிகக் கடினம். அதனால்தான் முதல் நாளே கறாராக இருக்கிறோம்.

தென்னாப்பிரிக்கத் தொடர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. ஒரே காட்சியில் ஜூலுவும் ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் கலந்து வரும், கீழே ஆங்கில வசனவரி ஓடும். வசனவரி எழுதுகிறவர் இடமில்லாமல் முதலில் வெட்டுவது கூப்பிடும் பெயரைத்தான். வாயால் சொன்ன பெயர் எழுத்தில் இருக்காது. ஆகவே காதுகொடுத்துக் கேட்காமல் ‘பெயரற்றவர்’ என்று முடிவு செய்யக் கூடாது. அதேபோல, இங்குள்ள இந்திய வீடுகளில் வயதில் மூத்த எவரையும் ‘அங்கிள்’, ‘ஆண்டி’ என்பார்கள். அதை வைத்து ‘பிரியாவின் மாமா’ என்று தலைப்பிட்டால் இல்லாத உறவு ஒன்றை உண்டாக்கிவிடுகிறோம்.

குடும்பப் பெயர்களில் கைவைக்கவே கூடாது. திரையில் ‘மூட்லி’ என்று இருப்பவரை ‘முதலியார்’ என்றும், ‘கோவெண்டர்’ என்பதைக் ‘கவுண்டர்’ என்றும் ‘திருத்துகிற’ ஆர்வம் தமிழ்நாட்டிலிருந்து எழுதும் நண்பர்களுக்கு வரும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து தொடங்கும் வரலாறு அந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. தலைமுறைகளாக அடையாள அட்டையில் இருக்கும் பெயர் அதுவே.

பெயரே இல்லாதவருக்கு விவரணைத் தலைப்பு: தொழில், இடம், தேவையென்றால் எபிசோட் எண். ‘சாட்ஸ்வொர்த் பன்னி சௌ கடைக்காரர்’ நல்ல தலைப்பு (சாட்ஸ்வொர்த் டர்பனின் ஒரு பகுதி, பன்னி சௌ குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் உணவு). தேடுகிறவருக்குக் கிடைக்கும், அடுத்த வாரம் பொய்யாகாது. ‘கொலைகாரன்’ கூடாது; தேடல் பெட்டியிலேயே கதை வெளிப்பட்டுவிடும். உடல் தோற்றமும் கூடாது. இனம் பற்றி நாங்கள் கடுமையாகவே இருக்கிறோம். மற்ற எல்லாரையும் ‘வங்கி மேலாளர்’, ‘காவலர்’ என்று சொல்லிவிட்டு ஒருவரை மட்டும் ‘இந்தியப் பெண்’ என்றோ ‘கறுப்பின ஆள்’ என்றோ குறித்தால், அவர் அந்தக் காட்சியில் என்ன வேலை செய்தார் என்பதே அழிந்துபோகிறது. இந்த நாட்டில் அது சின்ன விஷயமல்ல.

பெயர்ப்பட்டியலில் ‘செவிலியர் #2’ என்று இருந்தால் அப்படியே தலைப்பாக்க முடியாது. விக்கியை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் # குறி பக்கத்தின் உட்பிரிவுக்கானது, தலைப்பில் அனுமதியில்லை. ‘செவிலியர் 2’ என்று வைத்து, எபிசோடைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வேறொரு எபிசோடிலும் ஒரு செவிலியர் 2 இருப்பார். தலைப்பின் நீளத்துக்கும் வரம்பு உண்டு: 255 பைட். தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் சுமார் 85 குறிகளோடு சரி. ‘கொ’ என்பதே இரண்டு குறி: ‘க’ ஒன்று, ஒகரக் குறி ஒன்று.

இதைவிடப் பெரிய தொல்லை ‘கௌரி’. ஔகார உயிர்மெய்யாகத் தட்டினால் ஒரு தலைப்பு. ‘கெ’ போட்டு ‘ள’ சேர்த்தால் ‘கெளரி’, வேறொரு தலைப்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், மென்பொருளுக்கு வேறு. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பக்கங்கள் உருவாகி, இணைப்புகளில் பாதி தவறான பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஔகாரம் வரும் எந்தப் பெயருக்கும் பிழை வடிவத்திலிருந்து ஒரு வழிமாற்றை, அதாவது சரியான பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிடும் பக்கத்தை, அன்றே போட்டுவிட வேண்டும்.

துணைப் புத்தகங்களில் வரும் பெயர் தொடரின் பெயராகிவிடாது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் சுலு என்ற பாத்திரத்துக்கு ‘ஹிகாரு’ என்ற முதற்பெயர் 1981-இல் ஒரு நாவலில் வந்தது. திரையில் ஒலித்தது 1991-இல் வந்த ஆறாவது திரைப்படத்தில். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெயருக்குச் சரியான இடம் கட்டுரையின் ‘திரைக்குப் பின்னால்’ பகுதி. ஊகத் தலைப்பு தவிர்க்க முடியாதென்றால், ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் வூக்கிபீடியா செய்வதுபோல, இது ஊகம் என்று பக்கத்தின் உச்சியில் வார்ப்புரு (ஆயத்த அறிவிப்புப் பெட்டி) போட வேண்டும்.

பிற்பாடு பெயர் தெரியவந்தால் பக்கத்தைப் புதுத் தலைப்புக்கு நகர்த்துங்கள். நகலெடுத்துப் புதுப் பக்கம் ஆரம்பித்தால் தொகுப்பு வரலாறு அறுந்துவிடும். பழைய தலைப்பை வழிமாற்றாக விட்டு, ‘இப்பக்கத்தை இணைத்தவை’ திறந்து இரட்டை வழிமாற்றுகளைச் சரிசெய்யுங்கள். ஒரு வழிமாற்று இன்னொன்றுக்குப் போனால் வாசகர் நடுவில் நின்றுவிடுவார். பிறகு பாத்திரப் பட்டியல், நடிகர் பக்கம், எபிசோட் பக்கம் ஆகியவற்றிலும் பெயரை மாற்றுங்கள்.

நடிகரே சமூக வலைத்தளத்தில் ‘என் பாத்திரத்தின் பெயர் இது’ என்று எழுதினால் அதுவும் திரைக்குப் பின்னால் பகுதிக்குத்தான், தலைப்பு மாறாது. பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத துணை நடிகர்களை முகம் பார்த்து, அவர்கள் சொந்தப் பக்கங்களைத் துழாவி அடையாளம் காட்டுவதை மட்டும் எந்தத் தொகுப்பாளருக்கும் நாங்கள் அனுமதிப்பதில்லை. அப்படிச் சேர்த்த பெயரைக் கண்டவுடன் நீக்கி, பழைய திருத்தத்தையும் மறைக்கும்படி நிர்வாகியிடம் சொல்லிவிடுகிறோம்.